நண்பரோடு ஒரு நாள் டிங்கியில்: பாய்ப்படகுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

பாய்ப்படகு ஓட்ட நாலைந்து வகுப்புகள் போயிருப்பீர்கள். பயிற்சியாளர் பக்கத்திலேயே மோட்டார் படகில் வந்துகொண்டிருந்ததால் பயம் தெரிந்திருக்காது. இப்போது நீங்களும் ஒரு நண்பரும் மட்டும் ஒரு டிங்கியை, அதாவது சின்னத் திறந்த பாய்ப்படகை, எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பி மாலையில் திரும்ப நினைக்கிறீர்கள். அந்த ஒரு நாளை எப்படிக் கொண்டுபோவது என்று வரிசையாக எழுதுகிறேன். இருவரில் ஒருவராவது பயிற்சியாளர் இல்லாமல் சில முறை ஓட்டியவராக இருக்க வேண்டும். இருவருமே புதியவர்கள் என்றால் இன்னும் கொஞ்ச நாள் பயிற்சியாளரோடு ஓட்டுங்கள். அவசரமே இல்லை.

ஒதுக்கமான கடல் என்று நான் சொல்வது விரிகுடா, கழிமுகம், காயல், தீவின் மறைவில் இருக்கும் நீர்ப்பரப்பு போன்ற இடங்களை. திறந்த கடலின் பெரிய அலை உள்ளே வராது. கரையும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அங்கே அலைதான் அடங்கியிருக்கிறது, காற்று அடங்கவில்லை. குன்றையோ மரக்கூட்டத்தையோ தாண்டி வரும் காற்று சுழன்று சுழன்று வரும். ஒரு நிமிடம் ஓய்ந்திருந்துவிட்டு அடுத்த நிமிடம் பாயைப் பிடித்துத் தள்ளும். நீர் சமமாகக் கிடப்பதைப் பார்த்து இன்று எளிதான நாள் என்று முடிவுகட்டி விடாதீர்கள்.

எந்தப் படகு?

இருவர் ஓட்டும் டிங்கிகள் பெரும்பாலும் மூன்றரை மீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் இடைப்பட்ட நீளம். 420 என்ற வகையைப் போன்ற படகுகள் இலேசானவை, வேகமானவை, கொஞ்சம் அசந்தால் கவிழ்பவை. பந்தயம் பழக அவை நல்லவை. நாள் முழுக்கப் பொருட்களோடு போய்வர, அகலமான, கனமான படகைத்தான் நான் சொல்வேன். இயன் பிராக்டர் 1957-ல் வடிவமைத்த வேஃபேரர் அந்த வகை. 4.82 மீட்டர் நீளம். எழுந்து நடந்தாலும் சட்டென்று சாயாது. ஃபிராங்க் டை என்பவர் 1963-ல் ஒரே ஒரு துணையோடு ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கே வேஃபேரரில் போனார். படகு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அது சாட்சி. நாம் விரிகுடாவுக்குள் போய்வந்தால் போதும்.

முந்தின நாள் மாலை: காற்று

நாளைய பயணம் இன்று மாலை வானிலை அறிவிப்பைப் பார்ப்பதில் தொடங்குகிறது. காற்றின் வேகம், திசை, இடையிடையே வீசும் பலத்த வீச்சின் வேகம், இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடலில் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். புதியவர்கள் இருவருக்கு 5 முதல் 10 நாட் வரை நல்ல காற்று. 12 நாட்டைத் தாண்டினால் பாயைச் சுருக்கிக் கட்ட வேண்டும். 16-ஐ நெருங்கினால் போகாதீர்கள். இதில் நான் கறாராக இருக்கக் காரணம் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். 8 நாட்டில் சுகமாக இருந்த அதே படகு 16 நாட்டில் வேறு படகு.

திசையைப் படிக்கும்போது ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று, அந்தத் திசைக்குப் போகும் காற்று இல்லை. தமிழில் நமக்கு இது பழகிய கணக்குதான். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. எல்லாமே புறப்படும் இடத்தை வைத்து வந்த பெயர்கள்.

அப்புறம், அந்தத் திசையை உங்கள் கரையோடு பொருத்திப் பாருங்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான் மிக மோசமாக ஏமாற்றும். கரையோரத்தில் அலையே இருக்காது, குளம் மாதிரி தெரியும். உள்ளே போகப் போகக் காற்று கூடும், அலை எழும்பும். ஏதாவது உடைந்தால் அந்தக் காற்று உங்களை வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் கிளம்புவது சிரமம், ஆனால் எது நடந்தாலும் கரைக்கே ஒதுக்கும். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் வீசும் காற்றுதான் முதல் பயணத்துக்கு உகந்தது. போவதும் வருவதும் ஒரே மாதிரி எளிது.

வெயில் நாட்களில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி, அதன்மேல் உள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். முற்பகலில் மெல்லத் தொடங்கும் இந்தக் கடற்காற்று பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். காலை ஒன்பது மணிக்குப் பார்த்த காற்று மூன்று மணிக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

ஏற்றமும் வற்றமும்

கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக உயர ஏறி மிகக் கீழே இறங்கும், அதனால் நீரோட்டமும் வலுவாக இருக்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் அது தணிந்திருக்கும். முதல் பயணத்துக்கு நாள் குறிப்பதாக இருந்தால் அட்டமி பக்கமாகக் குறியுங்கள்.

நீர் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று என்று ஏறும். இது தோராயக் கணக்குதான். ஆனாலும், நடு இரண்டு மணி நேரத்தில் குறுகிய வாய்க்கால் வழியாகப் போகாதீர்கள் என்ற எச்சரிக்கை அதற்குள்ளேயே இருக்கிறது. காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக வரும் இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். அதே காற்று நீரோட்டத்தோடு சேர்ந்து போகும்போது அந்த இடம் அமைதியாக இருக்கும். நேரத்தை மாற்றினாலே பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

வழியைத் தீர்மானிக்க எளிய முறை இது: காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், மாலையில் களைத்தபின் காற்றோடு திரும்புங்கள். மாற்றிச் செய்தால், காற்றோடு சிரித்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் போன தூரத்துக்குத் திரும்பி வர மூன்று மணி நேரம்கூட ஆகலாம்.

இருவருக்குள் பேசிக்கொள்ள வேண்டியது

படகைத் தொடும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். சுக்கான் பிடிப்பவர் யார், முன்பாயைப் பார்ப்பவர் யார், எப்போது மாற்றிக்கொள்வது? படகு ஓடும்போது சுக்கான் பிடிப்பவர் சொல்வதை மற்றவர் உடனே செய்ய வேண்டும், விவாதம் பிறகு. ஆனால் போவதா திரும்புவதா என்ற கேள்வி வந்தால், இருவரில் அதிகம் தயங்குகிறவர் சொல்லே இறுதி. “எனக்கு இது சரியாப்படல, திரும்பிடலாம்” என்று ஒருவர் சொன்னால் மற்றவர் காரணம் கேட்கக்கூடாது. திரும்பிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இது எனக்கு ஒரு பயணத்தில் புரிந்தது. பிற்பகலில் காற்று ஏறியபோது என் நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார். ரசிக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் அரை மணி நேரம் வெளியே ஓட்டினேன். கரைக்கு வந்த பிறகுதான், கயிறு பிடித்த கை விரல்கள் மரத்துப்போய் அவர் அத்தனை நேரமும் பயந்துகொண்டிருந்தார் என்று தெரிந்தது. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை “எப்படி இருக்கு?” என்று கேட்கிறேன். படகில் பேச்சு திடீரென்று குறைந்தால், கூட இருப்பவருக்குக் குளிர்கிறது, களைத்துவிட்டார், அல்லது பயந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடுப்பும் பொருட்களும்

வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரின் சூட்டைப் பார்த்து உடுத்துங்கள். நீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும். நீரின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விழுந்தவுடன் மூச்சு முட்டும், தானாகவே வாய் திறந்து மூச்சிழுக்கும். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. அத்தகைய இடங்களில் வெட்சூட் (நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் இறுக்கமான உடுப்பு) போடாமல் இறங்கக்கூடாது. வெதுவெதுப்பான கடலிலும் நனைந்த உடம்பில் மணிக்கணக்காகக் காற்று பட்டால் நடுங்க ஆரம்பித்துவிடும். காற்று புகாத மேலங்கி ஒன்று வேண்டும்.

மிதவை உடுப்பு கரையிலேயே போட்டு, வாரை இறுக்கி, நண்பர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்து, முகவாய்க்கு மேல் ஏறாமல் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் நீரில் கால் வைக்க வேண்டும். டிங்கிக்குப் பெரும்பாலும் 50 நியூட்டன் மிதவை அங்கி போடுவார்கள். உடம்பை வளைத்து வேலை செய்ய வசதியானது, ஆனால் அது நீந்தத் தெரிந்தவருக்கானது, மயங்கியவரைத் திருப்பி முகத்தை மேலே வைக்காது. நீச்சல் சுமாராகத் தெரிந்தவர் 100 நியூட்டன் அல்லது அதற்கு மேற்பட்ட லைஃப் ஜாக்கெட் போடட்டும்.

விசில், சின்னக் கத்தி, நீர்புகாப் பையில் கைபேசி இவை உடம்போடு இருக்க வேண்டும். படகில் கட்டிவைத்த கைபேசி, படகை விட்டு நீங்கள் பிரிந்த நொடியில் பயனற்றதாகிவிடும். கையடக்க விஎச்எஃப் ரேடியோவும் அதைப் பயன்படுத்தும் அனுமதியும் இருந்தால் இன்னும் நல்லது. ஆபத்து அழைப்புக்கு 16-ஆம் சேனல். இரண்டும் இல்லாத நிலையில், நீட்டிய இரு கைகளையும் பக்கவாட்டில் மெதுவாக மேலும் கீழும் ஆட்டுவது உலகம் முழுக்க உதவி கேட்கும் அடையாளம். வெறுமனே ஒரு கையை ஆட்டினால் நலம் விசாரிக்கிறீர்கள் என்று பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மற்றபடி, ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், நீர்புகாப் பையில் சாப்பாடும் மாற்றுத்துணியும், கயிறு கட்டிய தொப்பி, சன்ஸ்கிரீன், பழைய ஷூ, இரண்டு துடுப்பு, நங்கூரமும் அதற்கான கயிறும், நீர் இறைக்க ஒரு வாளி. எல்லாவற்றையும் படகோடு கட்டுங்கள். கவிழ்ந்தால் கட்டாதது எல்லாம் போய்விடும்.

கடைசியாக, கரையில் இருக்கும் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், படகின் நிறம் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அந்த நேரத்துக்குத் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கரையில் படகைத் தயார் செய்தல்

படகின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்கும்படி அதை ஏற்றிவைத்திருக்கும் தள்ளுவண்டியோடு திருப்பி நிறுத்துங்கள். பாய் ஏற்றும்போது அது கொடிபோலப் பின்னால் படபடக்க வேண்டும். ஒரு பக்கமாகக் காற்றைப் பிடித்தால் கரையிலேயே படகு சாய்ந்துவிடும்.

முதல் வேலை, அடித்தக்கையை மாட்டுவது. படகின் பின்பக்கத்தில் நீர் வடிய ஒரு துளை இருக்கும். அதை மூட மறந்து போகிறவர்கள் ஏராளம். நீங்கள் மாட்டினாலும் நண்பரும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். அடுத்து பாய்மரத்தை இருபக்கமும் முன்பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் கொக்கிகள், ஊசிகள், வளையங்கள். ஒரு சின்ன வளையம் கழன்றால் பாய்மரமே விழும் என்பதால் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுக்கான் அலை தூக்கினாலும் கழலாதபடி பூட்டியிருக்கிறதா? நடுப்பலகை தடையில்லாமல் இறங்கி ஏறுகிறதா? படகின் நடுவிலிருந்து நீருக்குள் இறங்கும் அந்தப் பலகைதான் படகு பக்கவாட்டில் நழுவாமல் காக்கிறது, கவிழ்ந்தால் நிமிர்த்தவும் அதுதான் பிடி.

முன்பாயை முதலில் ஏற்றுங்கள், பிறகு பெரிய பாய். பாய்க் கயிறுகளின் நுனியில் 8 வடிவ முடிச்சு ஒன்று போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கப்பியிலிருந்து உருவிக்கொண்டு பறந்துவிடும். பாயைச் சுருக்க வேண்டியிருக்கும் என்று துளி சந்தேகம் இருந்தாலும் கரையிலேயே சுருக்கிக் கட்டுங்கள். நீரில் பாயை விரிப்பது எளிது. காற்று ஏறிய பிறகு ஆடும் படகில் அதைச் சுருக்குவது புதியவர்களுக்குப் பெரிய வேலை.

பெரிய பாயின் அடியில் கிடைமட்டமாக இருக்கும் மரம்தான் பூம். அன்று முழுக்க அதன் வழியில் தலையை நீட்டாமல் இருங்கள்.

நீரில் இறக்குதல்

ஒருவர் படகின் மூக்கைக் காற்றைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு இடுப்பளவுக்குக் குறைவான நீரில் நிற்க, மற்றவர் வண்டியைக் கரைக்கு இழுத்து, ஏற்ற நீர் எட்டாத உயரத்தில் விட்டுவிட்டு வரட்டும். சுக்கான் பிடிப்பவர் முதலில் ஏறி, சுக்கானையும் நடுப்பலகையையும் ஆழம் அனுமதிக்கும் அளவுக்கு இறக்குவார். மற்றவர் மூக்கை லேசாகத் திருப்பித் தள்ளிவிட்டு ஏறுவார். ஏறிய உடனே முன்பாயை இழுக்க, படகு நகரும். பக்கக் காற்றில் இதெல்லாம் அரை நிமிட வேலை. கரைக்கு நேராக வீசும் காற்றில் மட்டும் இரண்டு மூன்று முறை திரும்பவும் கரை தட்டும், பரவாயில்லை.

ஓட்டம்

காற்று வரும் திசைக்கு நேராகப் பாய்ப்படகு போகாது. காற்றுக்கு இருபுறமும் ஏறக்குறைய 45 டிகிரி வரை போக முடியாத பகுதி. அதற்குள் மூக்கை நுழைத்தால் பாய் படபடக்கும், படகு நின்றுவிடும். ஆகவே எதிர்க்காற்றில் போக வேண்டுமானால் வலமும் இடமும் மாறி மாறிச் சாய்ந்த கோடுகளாக ஏற வேண்டும்.

முதல் அரை மணி நேரம் அதை முயலாதீர்கள். காற்றைப் பக்கவாட்டில் வாங்கி, நேராகப் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்புங்கள். பாயை எவ்வளவு இழுப்பது என்று அப்போதுதான் கை பழகும். பாயின் முன் விளிம்பு படபடக்கும்வரை கயிற்றைத் தளர்த்துங்கள், பிறகு படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அதுதான் சரியான அளவு. புதியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே அதிகமாக இழுத்துப் பிடிக்கிறார்கள்; படகு சாயுமே தவிர வேகம் எடுக்காது. காற்றின் திசையும் உங்கள் திசையும் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதால், நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தளர்த்திப் பார்த்து மறுபடி இழுப்பது நல்ல பழக்கம்.

பெரிய பாயின் கயிறு எப்போதும் கையில் இருக்கட்டும், எங்கும் கட்டிவைக்காதீர்கள். படகு மிகையாகச் சாய்ந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கயிற்றை விடுங்கள். பாய் காற்றை இழக்கும், படகு நிமிரும். பயந்தால் கை இன்னும் இறுகப் பிடிக்கத்தான் பார்க்கும், அதனால் இதைக் காற்று மெதுவாக இருக்கும்போதே வேண்டுமென்று சாய்த்து, விட்டு, பழகிக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பில் கருமையாகத் திட்டுத்திட்டாக நகர்ந்து வருவது காற்று வீச்சு. முன்பாயைப் பார்ப்பவர் அதைக் கவனித்து “வருது” என்று சொன்னால், அது எட்டும் முன்பே இருவரும் காற்று வரும் பக்கமாகச் சாய்ந்து உட்காரலாம்.

நடுப்பலகை எதிர்க்காற்றில் முழுதும் கீழே, பக்கக் காற்றில் பாதி, பின்காற்றில் கொஞ்சம் மட்டும் நீரில். எடையை முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். பின்னால் நீர் குமிழியிட்டு இழுபட்டால் இருவரும் சற்று முன்னால் நகர வேண்டும்.

மூக்கைக் காற்றின் ஊடாகத் திருப்புவது டாக். சுக்கான் பிடிப்பவர் “தயாரா?” என்பார். மற்றவர் சுற்றிலும் பார்த்து, முன்பாய்க் கயிற்றைக் கையில் எடுத்து, “தயார்” என்பார். “திருப்புறேன்” என்றபடி சுக்கான் பிடியைப் பாய் இருக்கும் பக்கமாகத் தள்ள, மூக்கு காற்றைக் கடக்கும். முன்பாய் படபடத்து மறுபக்கம் போகும்போது பழைய கயிற்றை விட்டு, பூமுக்குக் கீழே குனிந்து பக்கம் மாறி, புதிய கயிற்றை இழுக்க வேண்டும். தயக்கமாகத் திருப்பினால் படகு பாதியில் காற்றைப் பார்த்து நின்றுவிடும். அப்படி நின்றால் பதறாதீர்கள். பூமையும் சுக்கான் பிடியையும் ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள்; படகு பின்னால் நகர்ந்தபடியே திரும்பும். பிறகு இரண்டையும் இழுத்து ஓட்டலாம்.

பின்பக்கம் காற்றைக் கடக்கும்படி திருப்புவது ஜைப். இதில்தான் பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சாட்டை மாதிரி வீசும். நடுப்பலகையைப் பாதி இறக்கி, பெரிய பாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, இருவரும் குனிந்து, பூம் கடந்த நொடியில் சுக்கானை நேராக்க வேண்டும். காற்று கொஞ்சம் பலமாக இருந்தாலே நான் புதியவர்களை ஜைப் செய்யச் சொல்வதில்லை. காற்றை நோக்கி ஒரு சுற்றுச் சுற்றி டாக் செய்தே அதே திசைக்கு வந்துவிடலாம். நேரம்தான் கொஞ்சம் கூடும்.

கவிழ்ந்தால்

என்றாவது ஒருநாள் கட்டாயம் கவிழ்வீர்கள். ஆகவே ஆழம் போதுமான, காற்று மெதுவான, உதவி பக்கத்தில் இருக்கும் நேரத்தில் நீங்களாகவே ஒருமுறை கவிழ்த்துப் பழகுங்கள். வரிசை இது:

1. முதலில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரும்வரை வேறு எதுவும் செய்யாதீர்கள். பாய்க்கு அடியில் மாட்டினால் கையை மேலே தூக்கிப் பாயை உயர்த்தினால் மூச்சுவிட இடம் கிடைக்கும். தையலைத் தொட்டபடியே விளிம்புக்கு வாருங்கள்.

2. பாய்க் கயிறுகள் எல்லாம் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பாய் இறுகியிருந்தால் நிமிர்ந்த படகு மறுபடி கவிழும்.

3. ஒருவர் பெரிய பாயின் கயிற்றைப் பிடித்தபடி பின்பக்கமாகச் சுற்றிப்போய் நடுப்பலகையைப் பிடிக்கிறார். மற்றவர் படகின் உட்புறத்தில், பலகையைப் பிடித்தவருக்கு முன்பாய்க் கயிற்றை மேலாக எறிந்து தருகிறார்.

4. மூக்கு ஏறக்குறைய காற்றைப் பார்க்கும்வரை பொறுங்கள். பாய்மரம் காற்று வரும் பக்கமாகக் கிடக்கும்போது அவசரப்பட்டு நிமிர்த்தினால், பாயில் காற்று புகுந்து உங்கள் மேலேயே கவிழ்க்கும்.

5. வெளியே இருப்பவர் பலகையின் அடிப்பகுதியில், படகை ஒட்டி ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்கிறார். உள்ளே இருப்பவர் படகைக் கீழே இழுக்காமல், படகுக்குள் ஏதாவது ஒரு பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு நீரில் மல்லாந்து மிதக்கிறார். படகு நிமிரும்போது அவரையும் அள்ளிக்கொண்டு எழும். பிறகு அவர் வெளியே இருப்பவரை ஏற்றிக்கொள்வார்.

படகு முழுக்கத் தலைகீழாகிவிட்டால், இருவரும் அதன் விளிம்பில் நின்று பலகையைப் பிடித்து உடல் எடையால் மெதுவாகச் சாயுங்கள். இழுத்துக் குலுக்கினால் பலன் இல்லை. மூன்று முறை முயன்றும் முடியாவிட்டால் உதவி கேளுங்கள். நாலாவது முயற்சிக்குத் தெம்பு இருக்காது. கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் படகை விட்டு நீந்தாதீர்கள். நீரிலிருந்து பார்க்கும்போது கரை உள்ளதைவிட அருகில் தெரியும். தேடி வருபவர்களுக்கும் தலையைவிடப் படகுதான் கண்ணில் படும்.

ஒருவர் மட்டும் விழுந்தால், படகில் இருப்பவர் அவரைக் கண்ணிலிருந்து விடாமல், பக்கக் காற்றில் கொஞ்ச தூரம் போய், டாக் செய்து திரும்பி, பாய்கள் படபடக்க மெதுவாக அவரை நெருங்க வேண்டும். காற்று வரும் பக்கத்தில் அவரை வைத்து, பாய்மரக் கம்பியின் அருகே ஏற்றுங்கள். இதையும் ஒரு மிதக்கும் புட்டியை வைத்துப் பழகலாம்.

மற்ற படகுகள்

1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகள் டிங்கிக்கும் பொருந்தும். இரண்டு பாய்ப்படகுகள் எதிர்ப்பட்டால், இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்குபவர் வழிவிட வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கக் காற்று என்றால் காற்றுக்கு அருகில் இருப்பவர் வழிவிட வேண்டும். முந்துபவர் எப்போதும் விலகிப்போக வேண்டும். மோட்டார் படகு பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் கால்வாய்க்குள் மட்டுமே போகக்கூடிய பெரிய கப்பலுக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். அங்கே அதன் வழியை மறிக்கக்கூடாது என்பதுதான் விதி. நம் படகுக்கு ஒரு மீட்டர் சொச்சம் ஆழமே போதும், கால்வாயின் ஓரத்தைக் காட்டும் மிதவைக் குறிகளுக்கு வெளியே ஆழம் குறைந்த பக்கமாக ஒதுங்கிப் போய்விடலாம்.

நடுப்பகல்

மணல் கரை ஒன்றில் ஒதுங்கிச் சாப்பிடுவது இந்த நாளின் மிகச் சுகமான பகுதி. நீர் வற்றும் நேரமாக இருந்தால் படகை மேலே இழுத்துவிடாதீர்கள், மிதக்கும் ஆழத்தில் நங்கூரமிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஏற்றம்வரை அங்கேயேதான். நங்கூரக் கயிறு நீர் ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது நீளமாக விட வேண்டும். சாப்பிட்டதும் காற்றை மறுபடி பாருங்கள். காலையில் இல்லாத வெள்ளை நுரை நீர்ப்பரப்பில் அங்கங்கே தலைகாட்டினால் காற்று 10 நாட்டை நெருங்கிவிட்டது. எங்கு பார்த்தாலும் நுரை என்றால் உடனே பாயைச் சுருக்கிக்கொண்டு திரும்புங்கள். காற்று அமைதியாக இருந்தால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்: காலையில் கயிறு இழுத்தவர் இப்போது சுக்கான் பிடிக்கட்டும். மற்றவரின் வேலை எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

திரும்பிக் கரை சேர்தல்

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருக்கும்படி கிளம்புங்கள். மாலையில் காற்று முழுக்க விழுந்துவிட்டால் துடுப்புப் போட அந்த நேரம் வேண்டியிருக்கும்.

கரையை நெருங்கும் முன் சற்றுத் தள்ளி நின்று, இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். காற்று கரையை நோக்கி வீசினால், வெளியிலேயே மூக்கைக் காற்றுக்குத் திருப்பிப் பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்பாயோடு மெதுவாக உள்ளே வாருங்கள். பெரிய பாயோடு வந்தால் நிறுத்த வழியே இல்லை. காற்று கரையிலிருந்து வீசினால் டாக் செய்து ஏறி வந்து, ஆழம் குறைந்ததும் மூக்கைக் காற்றுக்குத் திருப்பினால் தானாக நிற்கும். நடுப்பலகையையும் சுக்கானையும் தரை தட்டும் முன் தூக்குங்கள். ஆழம் தெரியாமல் குதிக்காதீர்கள், துடுப்பை இறக்கி அளந்து பார்த்து இறங்குங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று மூக்கைப் பிடியுங்கள். நீர் நிறைந்த டிங்கி ஓர் அலையில் ஏறி வந்தால் காலை நொறுக்கும்.

பாய்களை இறக்கி, உப்புப் போக நன்னீரில் கழுவி, காயவைத்துச் சுருட்டுங்கள். கயிறுகளில் நைந்த இடம் இருக்கிறதா என்று கையால் உருவிப் பாருங்கள். படகின் பின்பக்கத்தைத் தாழ்த்தி, அடித்தக்கையைக் கழற்றி நீரை வடியவிட்டு, தக்கையை ஒரு கயிற்றால் சுக்கான் பிடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த முறை சுக்கானை மாட்டும்போது அது கண்ணில் படும். இந்த வேலைகளுக்கெல்லாம் முன்பாக, ஈர உடுப்போடேயே, காலையில் யாரிடம் தகவல் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவரை அழைத்துக் கரைக்கு வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.